முள் தைத்தும் இறங்காத காற்று

மோட்டார் சைக்கிளின் பின் டயரில் ஆணி ஏறியிருப்பதைப் பலர் வீடு வந்து சேர்ந்த பிறகுதான் பார்க்கிறார்கள். எந்தத் தெருவில் ஏறியது, எப்போது ஏறியது என்று தெரியாது. காற்று பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. மறுநாள் காலை பஞ்சர் கடைக்கு ஓட்டிக்கொண்டே போகலாம். அதே ஆணி சைக்கிள் டயரில் ஏறியிருந்தால் அந்த இடத்திலேயே இறங்கி உருட்ட வேண்டியதுதான்.

இரண்டும் ரப்பர், இரண்டிலும் இருப்பது ஒரே காற்று. சைக்கிளில் இருப்பதோ எடை குறைந்த சக்கரம். காருக்கும் பல பைக்குகளுக்கும் டியூப் எப்போதோ போய்விட்டதே, சைக்கிள் மட்டும் ஏன் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது? மலைப்பாதையில் ஓட்டுகிறவர்கள் வீட்டிலேயே டியூபைக் கழற்றிவிட்டு அதே சக்கரத்தை ஓட்டுகிறார்களே, அது எப்படி முடிகிறது?

டியூபின் ஒரே வேலை

டியூபுக்கு ஒரே வேலைதான்: காற்று வெளியேறாமல் பார்த்துக்கொள்வது. எடையைத் தாங்குவது உள்ளே இருக்கும் காற்றழுத்தம். அந்த அழுத்தத்தில் விரிந்துவிடாமல் இறுக்கிப் பிடிப்பது டயருக்குள் ஓடும் நூலிழைகள். கல்லோடும் மண்ணோடும் உரசித் தேய்வது டயரின் வெளி ரப்பர். டியூப் என்பது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனுள்ள, இழுத்து விரிக்கப்பட்ட ஒரு பை, அவ்வளவே.

அதில் ஊசி முனையளவு துளை விழுந்தாலும் போதும். காற்று டியூபை விட்டு டயருக்குள் வரும். அங்கிருந்து ரிம்மின் ஓட்டைகள் வழியாகவும் விளிம்போரமாகவும் வெளியே போய்விடும். தடுக்க எதுவும் இல்லை. டியூப் இல்லாத டயரில் நிலைமை வேறு. ஆணி குத்திய இடத்தில் தடித்த ரப்பர் அதைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. காற்று போக வேண்டுமென்றால் அந்த ஒரே வழியாகத்தான் போக வேண்டும், அந்த வழியையோ ஆணியே அடைத்திருக்கிறது.

கார்களுக்கு இதைச் சாதித்தவர் அமெரிக்காவில் பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் ஃபிராங்க் ஹெர்செக். 1952இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. 1950களின் நடுவிலேயே அமெரிக்காவின் புதிய கார்களில் டியூப் மறைந்துவிட்டது. மலைச் சைக்கிளுக்கு அது வந்து சேர இன்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. தாமதத்துக்குக் காரணம் கம்பிச் சக்கரம்.

துளைகள் நிறைந்த ரிம்

காரின் சக்கரம் காற்றுப் புகாத ஒரே உலோகத் துண்டு. சைக்கிள் சக்கரமோ ஸ்போக்ஸ் கம்பிகளின் இழுவிசையில் நிற்கிறது. ஒவ்வொரு கம்பியின் தலையிலும் உள்ள நிப்பிளை உள்ளே விட்டுத் திருக, ரிம்மில் டயர் உட்காரும் பக்கத்தில் எட்டு ஒன்பது மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துளை வேண்டும். 32 கம்பி என்றால் 32 துளை, வால்வுக்கு இன்னொன்று. கம்பிச் சக்கரம் பூட்டிய பல மோட்டார் சைக்கிள்கள் இன்றும் டியூபோடு வருவதற்கும் இதே காரணம்தான்.

1999இல் பிரான்ஸின் மாவிக் நிறுவனம், டயர் செய்யும் ஹட்சின்சன், மிஷ்லின் நிறுவனங்களோடு சேர்ந்து யூஎஸ்டி என்ற முறையைக் கொண்டுவந்தது. ரிம்மின் டயர் பக்கச் சுவரில் கம்பித் துளையே போடாமல் மறுபக்கச் சுவரில் மட்டும் கம்பிகளைத் திருகிப் பொருத்தினார்கள். அழகான தீர்வு. ஆனால் அதற்கென்றே செய்த விலை கூடிய ரிம் வேண்டும், அதற்கென்றே செய்த டயரும் வேண்டும்.

டயர் ஏன் தனியாக வேண்டும்? ரப்பர் காற்றை முழுக்கத் தடுப்பதில்லை என்பதுதான் காரணம். சைக்கிள் டியூப் பியூட்டைல் என்ற செயற்கை ரப்பரால் ஆனது. காற்றின் மூலக்கூறுகள் அதை ஊடுருவ மிகவும் சிரமப்படும். டயருக்குப் பயன்படும் இயற்கை ரப்பரும் பிற கலவைகளும் தரையை நன்றாகப் பற்றும், ஆனால் காற்றைக் கசியவிடும். மலைச் சைக்கிள் டயரின் பக்கச் சுவரோ மிக மெல்லியது. நூலிழைகளுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். கார் டயருக்குள் பியூட்டைல் வகை ரப்பரால் ஒரு தனி அடுக்கு ஒட்டப்பட்டிருக்கும். யூஎஸ்டி டயரும் அதே வழியில்தான் காற்றை அடைத்தது, அதனால் கனத்தது. மனிதக் கால்வலுவில் ஓடும் வண்டிக்கு ஒவ்வொரு நூறு கிராமும் கணக்கு.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஸ்டான் கோசியாடெக் என்ற சைக்கிள்காரர் கேள்வியையே மாற்றிப் போட்டார். காற்றுப் புகாத டயரைச் செய்வதற்குப் பதில், சாதாரண மெல்லிய டயருக்குள் ஒரு திரவத்தை ஊற்றி, அதுவே ஓட்டைகளைத் தேடிப் போய் அடைக்கும்படி செய்தால் என்ன? ரிம்மின் துளைகளை ஒரு பட்டையால் மூடினால் போதாதா? 2001இல் அவர் ஆரம்பித்த ஸ்டான்ஸ் நோட்யூப்ஸ் நிறுவனத்தின் பொருள்கள் இந்த யோசனையிலிருந்து வந்தவை. பழைய சக்கரத்தை வீட்டில் வைத்தே மாற்றலாம் என்ற நிலை உண்டானது இப்படித்தான். இன்று ‘டியூப்லெஸ் ரெடி’ என்று அச்சிட்டு விற்கும் ரிம்களும் டயர்களும் இதே வழியில் வந்தவைதான்: ஊற்றும் திரவமும் சேர்ந்தால்தான் அவை முழுமை பெறும்.

குறைந்த அழுத்தத்தின் லாபம்

டியூபைக் கழற்றப் பஞ்சர் பயம் ஒன்றே போதுமான காரணம். அமெரிக்காவின் தென்மேற்கு வறள்நிலங்களில் மலைச் சைக்கிள்காரர்கள் மிகவும் அஞ்சும் முள் எது தெரியுமா? நம் ஊர்ப் புறம்போக்கில் மஞ்சள் பூவோடு படர்ந்து கிடக்கும் நெருஞ்சி. இங்கிருக்கும் அதே செடிதான் அங்கே பரவிச் சைக்கிள் டியூப்களைக் கிழிக்கிறது. பதிலுக்கு அமெரிக்கக் கண்டத்திலிருந்து இங்கே வந்தது சீமைக்கருவேலம். அதன் முள்ளை நம் பஞ்சர் கடைக்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

ஆனாலும் முள்ளைவிடப் பெரிய காரணம் அழுத்தம்தான் என்பது என் கருத்து. ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பின்சக்கரத்தின் மேல் சுமார் 50 கிலோ விழும். டயரில் 28 பிஎஸ்ஐ, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2 கிலோ அழுத்தம் இருந்தால், அந்த 50 கிலோவைத் தாங்க 25 சதுர சென்டிமீட்டர் பரப்பு தரையைத் தொட வேண்டும். 21 பிஎஸ்ஐக்கு இறக்கினால் சதுர சென்டிமீட்டருக்கு ஒன்றரை கிலோதான். தொடும் பரப்பு 33 சதுர சென்டிமீட்டராகிறது. டயர்ச் சுவரின் விறைப்பும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் கணக்கு அப்படியே பொருந்தாது, ஆனால் திசை சரி. பரப்பு கூடினால் ஈரமான வேரிலும் சரளையிலும் பிடிமானம் கூடும். டயர் சின்னக் கல்லின் மேல் எகிறாமல் அதைச் சுற்றி வளைந்து கடந்து போகும். கைக்கும் முதுகுக்கும் வரும் அதிர்ச்சி குறையும்.

டியூப் இருக்கும்போது 21க்கு இறக்கத் துணிய முடியாது. கூரான பாறையில் இடிக்கும்போது டயர் நசுங்கி, பாறைக்கும் ரிம்மின் ஓரத்துக்கும் நடுவே டியூப் மாட்டிக்கொள்ளும். அடுத்தடுத்து இரண்டு துளை விழும். பாம்புக்கடி என்று சைக்கிள்காரர்கள் சொல்வது இதைத்தான். மாட்டிக்கொள்ள டியூபே இல்லையென்றால் இந்தப் பஞ்சருக்கு இடமில்லை.

ஒரு சக்கரத்தை எடுத்துக்கொள்வோம்

29 அங்குலச் சக்கரம். 32 கம்பி. டயர் அகலம் 2.3 அங்குலம். ரிம்மின் உள்ளகலம் 25 மில்லிமீட்டர். ரிம், டயர் இரண்டிலும் டியூப்லெஸ் ரெடி என்று எழுதியிருக்கிறது. இதிலிருந்து காற்று தப்ப எத்தனை வழிகள் உண்டோ அத்தனையையும் அடைக்க வேண்டும்; வழிக்கு வழி அளவு வேறு, அடைக்கும் பொருளும் வேறு.

முதலில் பெரிய துளைகள். டயரையும் டியூபையும் கழற்றி, நிப்பிள்களின் மேல் கிடக்கும் பழைய ரப்பர் பட்டையையும் எடுத்துவிடுங்கள். ரிம்மின் உட்புறத்தை ஸ்பிரிட் தொட்ட துணியால் எண்ணெய்ப்பசை போகத் துடையுங்கள். முழு வேலையிலும் மிக முக்கியமான நிமிடங்கள் இவைதான். அவசரப்படுகிறவர்கள் இங்கேதான் தோற்கிறார்கள். அதற்கென்று விற்கும் ரிம் டேப்பை, உள்ளகலத்தைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதலான அகலத்தில் வாங்குங்கள். வால்வுத் துளைக்குச் சற்றுத் தள்ளி ஆரம்பித்து, டேப்பை நன்றாக இழுத்துப் பிடித்தபடி இரண்டு சுற்று சுற்றி, வால்வுத் துளையைத் தாண்டி ஒரு சாண் போய் முடியுங்கள்.

இழுத்துப் பிடிப்பது ஏன்? டயர் உட்காரும் நேரத்தில் உள்ளே 40 பிஎஸ்ஐ வரை, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 2.8 கிலோ அழுத்தம் ஏறும். எட்டரை மில்லிமீட்டர் அகலத் துளையின் பரப்பு அரைச் சதுர சென்டிமீட்டருக்குச் சற்று மேல். ஆக ஒவ்வொரு துளையின் மேலும் டேப்பை ஒன்றரைக் கிலோ எடை அழுத்திக்கொண்டே இருக்கிறது. தளர்வாக ஒட்டிய டேப் துளைக்குள் குழிந்து, ஓரம் சுருங்கி, அடியில் காற்றுக்கு வழிவிடும். அப்புறம் காற்று ரிம்முக்குள் புகுந்து எங்கோ ஒரு நிப்பிள் வழியாக வரும். அதைக் கண்டுபிடிப்பது கடினம்.

டேப் ஒட்டிய பிறகு பழைய டியூபை மறுபடி உள்ளே வைத்து டயரை மாட்டிக் காற்றடித்து ஓர் இரவு விடுவது நல்லது. அந்த அழுத்தத்தில் டேப் ரிம்மின் ஒவ்வொரு வளைவிலும் போய் ஒட்டிக்கொள்ளும். காலையில் டயரின் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றி டியூபை உருவிவிட்டு, வால்வுத் துளைக்கு மேலுள்ள டேப்பில் ஊசியால் சிறு துளை போட்டு, டியூப்லெஸ் வால்வை அழுத்திச் செருகுங்கள். டேப்பைக் கத்தியால் கீறவேண்டாம், கீறல் நீண்டுகொண்டே போகும். வால்வின் நட்டைக் கையால் மட்டும் முடுக்குங்கள். குறடு வைத்து முடுக்கினால், காட்டுப் பாதையில் அதைக் கழற்ற வேண்டிய நேரத்தில் கையால் கழற்ற முடியாது.

இரண்டேகால் சென்டிமீட்டர் ஓட்டை

இனி விளிம்பு. டயரின் இரு ஓரங்களிலும் நீளாத இழையாலோ எஃகுக் கம்பியாலோ ஆன ஒரு தடித்த வளையம் ஓடுகிறது. டயர்க் கடைகளில் பீட் என்பார்கள். நாம் விளிம்பு வடம் என்று வைத்துக்கொள்வோம். ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம், இரு பக்கமும் வடம் உட்காரும் திட்டு. நம் 29 அங்குல ரிம்மில் இந்தத் திட்டின் விட்டம் 622 மில்லிமீட்டர். டயரை மாட்டும்போது வடத்தை நடுப்பள்ளத்தில் தள்ளினால் தளர்வு கிடைக்கும். வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் ஆரம்பித்து வால்வருகே முடியுங்கள். வால்வு இருக்கும் இடத்தில் வடம் பள்ளத்துக்குள் இறங்க முடியாது, அதனால் அதைக் கடைசியில் வைப்பதே லாபம்.

மாட்டியாயிற்று. காற்றடித்தால் ஏறவில்லை. பம்பை எவ்வளவு வேகமாக அடித்தாலும் புஸ்ஸென்று போய்விடுகிறது. வீட்டில் முயல்கிறவர்கள் மனம் விட்டுப்போகும் இடம் இது. ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் கோபம் போய்விடும்.

வடத்துக்கும் ரிம்முக்கும் இடையே வெறும் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி என்று வையுங்கள். இரண்டு தாள்களின் தடிமன்தான். ஆனால் அந்த இடைவெளி சுற்றளவு முழுக்க, ஏறக்குறைய 195 சென்டிமீட்டருக்கு ஓடுகிறது. பெருக்கினால் சுமார் 4 சதுர சென்டிமீட்டர். டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டேகால் சென்டிமீட்டர் விட்டத்தில் ஓர் ஓட்டை போட்டுவைத்துவிட்டுக் காற்றடிப்பதற்குச் சமம் அது.

இன்னொரு பக்கக் கணக்கு: இந்த டயரின் உள்ளே இருக்கும் இடம் ஐந்தரை லிட்டர் அளவு. 32 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயும் அரை மீட்டர் வீச்சும் கொண்ட தரைப் பம்பு ஒரு அடிக்கு 0.4 லிட்டர் காற்றைத் தள்ளும். நொடிக்கு ஓர் அடி அடித்தாலும், வரும் காற்று அந்த அகன்ற வழியில் போய்விடும். தேவை ஒரு நொடியில் பல லிட்டர். காற்று அவ்வளவு வேகமாக வந்தால் வெளியேற நேரம் இருக்காது. டயருக்குள் அழுத்தம் ஏறி வடத்தைப் பக்கவாட்டில் தள்ளும். வடம் சரிவில் ஏறித் திட்டில் உட்காரும். உட்கார்ந்ததும் இடைவெளி மூடிக்கொள்ளும். அதன்பின் சாதாரணப் பம்பே போதும்.

வழிகள் மூன்று உண்டு. வால்வின் நடுக்கம்பித் துண்டைக் கழற்றிவிட்டால் காற்றுப் பாதை நன்றாக அகலும். இதைச் செய்யாமல் வேறு எதையும் முயல வேண்டாம். விளிம்பெங்கும் சோப்புத் தண்ணீர் தடவினால் வடம் சரிவில் வழுக்கி ஏறும், சின்ன இடைவெளிகளும் நுரையால் அடைபடும். அப்படியும் ஏறாவிட்டால் சேமித்த காற்று வேண்டும். ஒரு லிட்டருக்குச் சற்றுக் கூடுதலான கலத்தில் 160 பிஎஸ்ஐ வரை அடித்து வைத்தால், திறந்ததும் பன்னிரண்டு லிட்டர் காற்று ஒரே மூச்சில் வரும். அப்படிப்பட்ட கலம் இல்லாதவர்கள் சக்கரத்தைப் பஞ்சர் கடைக்குக் கொண்டுபோய், வால்வில் அடாப்டர் போட்டு, கம்பரசர் காற்றைச் சிறிது சிறிதாக விடலாம். டப் டப்பென்று சத்தம் கேட்கும். வடம் திட்டில் ஏறும் சத்தம் அது. பயப்பட வேண்டாம். ஆனால் ரிம், டயர் இரண்டிலும் அச்சிட்டிருக்கும் உச்ச அழுத்தங்களில் எது குறைவோ அதைத் தாண்டவே கூடாது. கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். எரியும் திரவத்தை டயருக்குள் தெளித்துக் கொளுத்தி வடத்தை ஏற்றும் காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள். வீட்டில் அதைச் செய்யவே கூடாது.

பால் கட்டியாகும் விதம்

மீதமிருப்பது டயர்ச் சுவரின் நுண்துளைகளும், இனிமேல் குத்தப்போகும் முட்களும். இவற்றுக்குத்தான் கடைகளில் சீலன்ட் என்று விற்கும் அடைப்புப் பால். காற்றை இறக்கி, நடுத்துண்டு இல்லாத வால்வு வழியாக 100 மில்லி ஊற்றுங்கள். நடுத்துண்டைத் திருகிக் காற்றடித்து, சக்கரத்தைச் சுழற்றிக் குலுக்கி, இரு பக்கமும் மாற்றி மாற்றிச் சிறிது நேரம் படுக்கவையுங்கள். பக்கச் சுவரில் வெண்புள்ளிகள் வியர்த்து வரும். கவலை வேண்டாம், பால் நுண்துளைகளைக் கண்டுபிடித்து மூடுகிறது.

பல வகை அடைப்புப் பாலின் உயிர்ப்பொருள் ரப்பர் மரத்தின் பால்தான். கன்னியாகுமரி மாவட்டத்தில் விடிகாலையில் மரத்தைச் சீவிச் சிரட்டையில் சேர்க்கிறார்களே, அதே பால். 1876இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து இலங்கையின் ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்த கன்றுகளோடு இந்த மரத்தின் ஆசிய வரலாறு ஆரம்பமாகிறது.

இந்தப் பால் கரைசல் அல்ல. தண்ணீரில் கோடிக்கணக்கான ரப்பர்த் துளிகள் மிதக்கின்றன. பெரும்பாலானவை மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறியவை. ஒவ்வொரு துளியின் மேலும் புரத உறை, அதில் எதிர் மின்னூட்டம். எல்லாத் துளிக்கும் ஒரே வகை மின்னூட்டம் என்பதால் ஒன்றையொன்று தள்ளிவிட்டு ஒட்டாமல் மிதக்கின்றன. அமிலம் சேர்ந்தால் மின்னூட்டம் அழிந்து துளிகள் ஒட்டிக்கொள்ளும். தோட்டங்களில் தட்டில் ஊற்றிய பாலில் ஃபார்மிக் அமிலம் சேர்த்து ஷீட் அடிப்பது இதனால்தான். அம்மோனியா சேர்த்தால் எதிர்விளைவு: பால் பலநாள் பாலாகவே இருக்கும். அடைப்புப் பாலைப் பாலாகவே வைத்திருக்கவும் பல தயாரிப்பாளர்கள் அம்மோனியாவைத்தான் நம்புகிறார்கள். பாட்டிலைத் திறந்ததும் மூக்கில் ஏறும் நெடி அதுதான்.

நெருஞ்சி முள் குத்தி விழுந்துவிட்டது. ஒரு மில்லிமீட்டர் துளை. காற்று சீறிக்கொண்டு வெளியேறும்போது அடியில் தேங்கிக் கிடக்கும் பாலையும் இழுத்துக்கொண்டு போகிறது. பாலில் நார்த் துணுக்குகளும் ரப்பர்த் தூளும் கலந்திருக்கும். மதகுக் கம்பியில் முதலில் ஒரு குச்சி மாட்டி, அதில் சருகு தங்கி, பிறகு தண்ணீரே நின்றுபோவதைப் போல, துணுக்குகள் துளையின் குறுக்கே மாட்டி வழியைக் குறுக்குகின்றன. அதே கணத்தில் வேகமாகப் பாயும் காற்று தண்ணீரையும் அம்மோனியாவையும் அடித்துக்கொண்டு போகிறது. குறுகிய வழியில் நசுங்கி உரசும் ரப்பர்த் துளிகளுக்கு இடையே தள்ளிவிடும் விசை தோற்று, அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகின்றன. சக்கரம் சில சுற்றுகள் சுற்றுவதற்குள் துளை அடைபடுகிறது. பலமுறை ஓட்டுபவருக்குத் தெரிவதே இல்லை.

சில மில்லிமீட்டர் வரைதான் இது சாத்தியம். அதைவிடப் பெரிய துளைக்கு, பைக் டயருக்குப் பஞ்சர் கடையில் ஊசியால் திணிக்கிறார்களே பிசின் பூசிய கயிறு, அதன் சிறிய வடிவம் கிடைக்கிறது. பக்கச் சுவர் நீளமாகக் கிழிந்தால் எதுவும் உதவாது. உள்ளே ஒரு டியூபைப் போட்டு வீடு திரும்ப வேண்டும். ஆகவே டியூபை ஒழித்துவிட்டாலும் ஒன்றைப் பையில் வைத்திருங்கள்.

எந்தச் சக்கரத்துக்கு வேண்டும், எதற்கு வேண்டாம்

அடைப்புப் பால் உயிருள்ள பொருள் போலத் தீர்ந்துபோகும். தண்ணீர் மெல்ல மெல்ல ஆவியாகி, துளிகள் டயர்ச் சுவரில் தோலாகப் படியும். குளிர்நாட்டில் ஆறு மாதம் தாங்குவது நம் கோடையில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும். சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்கினால் தளும்பும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் 50, 60 மில்லி ஊற்றுங்கள். சிறு உருளைகளில் விற்கும் கார்பன் டை ஆக்சைடு வாயுவால் காற்றடிப்பது அவசரத்துக்கு உதவும், ஆனால் அந்த வாயு தண்ணீரில் கரைந்து மெல்லிய அமிலமாகிறது. ரப்பர் தோட்டத்துத் தட்டில் நடந்தது டயருக்குள்ளும் நடக்கக்கூடும். வீடு வந்ததும் அதை வெளியேற்றிச் சாதாரணக் காற்றை அடியுங்கள்.

கடைத்தெருவுக்கும் அலுவலகத்துக்கும் தார்ச்சாலையில் போய்வரும் சைக்கிளுக்கு இதெல்லாம் தேவையில்லை. டியூபும் ஒட்டுப் பசையும் அங்கே மலிவு, எளிது, போதும். கல்லும் வேரும் முள்ளும் உள்ள பாதையில் அகன்ற டயரோடு போகிறவருக்குத் தன் சைக்கிளில் செய்யக்கூடிய மேம்பாடுகளில் செலவுக்கு ஏற்ற பலன் இதைப்போல வேறில்லை. ஆனால் ஒரு நிபந்தனை. டியூப்லெஸ் ரெடி என்ற முத்திரை இல்லாத பழைய ரிம்மில், வடத்தைப் பிடித்து நிறுத்தும் சிறு மேடு திட்டின் ஓரத்தில் இருக்காது. அழுத்தம் குறைந்திருக்கும்போது வளைவில் பக்கவாட்டு விசை வந்தால் வடம் திட்டிலிருந்து நழுவி, காற்று மொத்தமாக வெளியேறக்கூடும், அதுவும் இறக்கத்தில் வேகமாகப் போகும்போது. முத்திரை இல்லாத ரிம் என்றால் டியூபோடே ஓட்டுங்கள். அடுத்த முறை ரிம் மாற்றும்போது முத்திரையைப் பார்த்து வாங்குங்கள்.